சாலைக்கு வேக வரம்பு: யார் வைப்பது, எப்படிப் பிடிப்பது, நம் தெருவுக்கு எப்படிக் கேட்டு வாங்குவது

வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, நடுவில் கறுப்பில் 40. சாலையோரம் நிற்கும் இந்தப் பலகையை யார் வேண்டுமானாலும் எழுதி நட்டுவிட முடியாது. பின்னால் ஓர் அறிவிக்கை இருந்தால்தான் அது வேக வரம்பு. ஊர் முனையில் இளைஞர் மன்றம் நட்டுவைத்த 'மெதுவாகச் செல்லவும்' பலகையை மதித்து ஓட்டுவது நல்லதுதான், ஆனால் அதைக் காட்டி யாருக்கும் அபராதம் போட முடியாது. அறிவிக்கை கோப்பில் இருக்கிறது, சாலையில் பலகை இல்லை என்றாலும் அதே கதைதான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர், தப்பாக வந்த சலானையும் கேள்வி கேட்கலாம், பள்ளிக்கூட வாசலில் பறக்கும் வண்டிகளையும் அடக்க வைக்கலாம்.

உச்ச வரம்பு டெல்லியில், உள் வரம்பு மாநிலத்தில்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 112ஆம் பிரிவுதான் அடிப்படை. ஒவ்வொரு வகை வாகனமும் அதிகபட்சம் எவ்வளவு வேகத்தில் போகலாம் என்பதை மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும். அதற்குள் மாநில அரசோ, அது அதிகாரம் கொடுத்த அலுவலரோ, ஒரு குறிப்பிட்ட சாலைக்கோ பாலத்துக்கோ பகுதிக்கோ வரம்பு வைக்கலாம். அப்படி வைப்பதற்கு 112(2) இரண்டு வேலைகளைச் செய்யச் சொல்கிறது: அரசிதழில் அறிவிக்க வேண்டும், 116ஆம் பிரிவின்படி சாலையில் பலகை நட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்காத கட்டுப்பாடு என்றால் மட்டும் அரசிதழ் தேவையில்லை. தேர்த் திருவிழா, பாலம் பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத் திடீரென முளைக்கும் 20 பலகைகள் இந்த விலக்கில் வருபவை.

2018 ஏப்ரல் 6 தேதியிட்ட மத்திய அறிவிக்கை சொல்லும் எண்கள், மணிக்குக் கிலோமீட்டரில்:

- கார் (ஓட்டுநரைத் தவிர 8 இருக்கை வரை): விரைவுச்சாலையில் 120, நடுத்தடுப்பு உள்ள நான்குவழிச் சாலையிலும் அதைவிட அகலமான சாலையிலும் 100, உள்ளாட்சிச் சாலையிலும் மற்ற சாலைகளிலும் 70
- ஓட்டுநரைத் தவிர 9 இருக்கையும் அதற்கு மேலும் உள்ள வேன், பேருந்து: 100, 90, 60
- சரக்கு வண்டி: 80, 80, 60
- இருசக்கர வண்டி: விரைவுச்சாலையில் அனுமதி இருந்தால் 80, நான்குவழியில் 80, மற்றவற்றில் 60
- ஆட்டோ: விரைவுச்சாலையில் இடமில்லை, மற்ற எல்லாச் சாலையிலும் 50

இதில் ஒரு முடிச்சு உண்டு. இந்த அறிவிக்கையை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. விபத்தில் உடல் செயலிழந்த ஒரு பெண்ணின் இழப்பீட்டு வழக்கில் வந்த தீர்ப்பு அது. அதற்கு முந்தைய 2014 ஆகஸ்ட் அறிவிக்கையின் குறைந்த வரம்புகளை நீதிமன்றம் மீட்டது. ஆனால் 2023இல் கேரளம் தன் வரம்புகளைத் திருத்தியபோது ஒப்பிட்டது 2018 எண்களோடுதான். ஓட்டுபவருக்கு எங்கள் யோசனை இது: மேலே உள்ள எண்களை உரிமையாக நினைக்க வேண்டாம். பலகையில் குறைந்த எண் இருந்தால் அதுதான் உங்கள் வரம்பு.

எல்லை தாண்டினால் எண்ணும் மாறும்

கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குப் போகிறவருக்கு இது நடைமுறைப் பிரச்சினை. கேரளத்தில் 2023 ஜூலை 1 முதல் காருக்கு ஆறுவழித் தேசிய நெடுஞ்சாலையில் 110, நான்குவழியில் 100, மற்ற தேசிய நெடுஞ்சாலைகளிலும் நான்குவழி மாநில நெடுஞ்சாலைகளிலும் 90, மற்ற மாநில நெடுஞ்சாலைகளிலும் மாவட்ட முக்கியச் சாலைகளிலும் 80, இதர சாலைகளில் 70, நகருக்குள் 50. இருசக்கர வண்டிக்கு முன்பு 70 இருந்ததை 60ஆகக் குறைத்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஜூன் 5 முதல், மாநிலம் முழுக்கக் கேமரா வழியாக அபராதம் போடத் தொடங்கியிருந்தார்கள். எண்ணும் கண்காணிப்பும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வந்தது அங்கே நல்ல முடிவு.

சென்னையில் கதை வேறு மாதிரி நடந்தது. 2023 ஜூனில் ரேடார் கருவிகளை நிறுவிப் பகலில் 40, இரவில் 50 என்று ஒரே எண்ணை எல்லா வண்டிக்கும் வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது, அபராத வசூல் நின்றது. பிறகு ஆராய்ந்து, அந்த ஆண்டு நவம்பர் 4 முதல் வகை பிரித்தார்கள்: கார் போன்ற இலகு வாகனத்துக்கு 60, கனரக வாகனத்துக்கு 50, இருசக்கர வண்டிக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எந்த வண்டியாக இருந்தாலும் 30. கடைசி எண்தான் எங்களுக்கு மிக முக்கியமாகத் தெரிகிறது. வீட்டு வாசலில் குழந்தை விளையாடும் தெருவுக்கு 30க்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட நியாயப்படுத்த முடியாது.

வெளிநாடுகளில் பலகை இல்லாத இடத்துக்கும் வரம்பு தெரியும்படி சட்டத்தை எழுதியிருக்கிறார்கள். பிரிட்டனில் 200 கெஜத்துக்கு, அதாவது சுமார் 183 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் தெருவிளக்குக் கம்பங்கள் நின்றால், வேறு பலகை இல்லாதவரை மணிக்கு 30 மைல்தான், நம் கணக்கில் 48 கிலோமீட்டர். வேல்ஸ் 2023 செப்டம்பர் 17 முதல் அத்தகைய தெருக்களுக்கு அதை 20 மைலாகக் குறைத்தது. சிங்கப்பூரில் பலகை வேறு எண் சொல்லாத சாலையில் 50. மலேசியாவில் விரைவுச்சாலைக்கு 110, கூட்டரசுச் சாலைக்கு 90, பண்டிகைக் காலத்தில் அந்த 90ஐ 80ஆக இறக்குவார்கள். பிரான்சில் மழை பெய்தால் மோட்டார்வேயின் 130 தானாகவே 110 ஆகிவிடும். ஜெர்மனியின் ஆட்டோபானில் வரம்பே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். பல பகுதிகளில் வரம்பு உண்டு, இல்லாத பகுதியில் 130 பரிந்துரை வேகம், ஊருக்குள் வந்தால் 50. அமெரிக்கா எண்ணெய் நெருக்கடியில் 1974இல் நாடு முழுவதும் 55 மைல் என்று வைத்தது. 1995இல் அதை நீக்கியபின் ஒவ்வொரு மாநிலமும் தன் வழியில் போகிறது.

பிடிக்கும் கருவிகளும் அவற்றின் பலவீனமும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவு அதிவேகத்துக்கான தண்டனையைச் சொல்வது. அதன் மூன்றாவது உட்பிரிவை, 183(3)ஐ, எல்லா ஓட்டுநரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 'இந்த வண்டி அதிவேகமாகப் போனது' என்று ஒரே ஒரு சாட்சி தன் கண்ணால் மதிப்பிட்டுச் சொன்னால், அதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. அந்த மதிப்பீடு இயந்திரத்தாலோ மின்னணுக் கருவியாலோ அளந்ததாக இருக்க வேண்டும். ஆகவே கருவி ஒழுங்காக இருக்கிறதா என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது.

ரேடார் கன் நுண்ணலையை அனுப்பி, வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியது என்று பார்த்து வேகம் சொல்கிறது. அதன் கற்றை விரிந்து போகும். தூரத்தில் இரண்டு மூன்று வண்டிகள் அந்தக் கற்றைக்குள் வந்துவிட்டால், சிறிய வண்டியைக் குறிவைத்தும் பின்னால் வரும் பெரிய லாரியின் வேகம் திரையில் வரலாம். லேசர் கன் அப்படியல்ல. வண்டிக்கு உள்ள தூரத்தை நொடிக்குள் பலமுறை அளந்து, தூரம் குறையும் விகிதத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடும். கற்றை குறுகலானது, ஒரு வண்டியைத் தனியாகப் பிரித்துவிடும். ஆனால் பிடித்திருக்கும் கை ஆடி, புள்ளி வண்டியின் பக்கவாட்டில் முன்னும் பின்னும் வழுக்கினால் அளவு பிசகும். நம்பர் பிளேட்டையோ முன்விளக்கையோ குறிவைத்துக் கையை நிலையாக வைப்பது அதனால்தான்.

கோணப் பிழையைப் பற்றி ஓட்டுநர்களிடம் வீண் நம்பிக்கை உண்டு. சாலையோரத்தில் ஓர் இடத்தில் நின்று அளக்கும் கருவி வண்டியைச் சாய்வாகப் பார்க்கும்போது காட்டுவது உண்மையைவிடக் குறைவான வேகம். 10 பாகை சாய்வில் சுமார் ஒன்றரை சதவீதம் குறையும், 20 பாகையில் 6 சதவீதம். அதாவது 80இல் போகும் வண்டி 75 என்று பதிவாகும். இந்தப் பிழை எப்போதும் ஓட்டுநருக்குச் சாதகம். ஆகவே 'சாய்வாக நின்று பிடித்தார்கள், அதனால் கூடுதலாகக் காட்டியது' என்ற வாதம் நிற்காது.

மூன்றாவது முறைதான் எங்கள் பார்வையில் மிக நேர்மையானது: சராசரி வேகம். ஒரு கேமராவில் நுழைந்த நேரம், அடுத்த கேமராவில் வெளியேறிய நேரம், இடையில் உள்ள தூரம். இவ்வளவுதான் கணக்கு. வரம்பு 100 உள்ள 10 கிலோமீட்டரைக் கடக்கக் குறைந்தது 6 நிமிடம் ஆக வேண்டும். 5 நிமிடத்தில் வந்தால் நீங்கள் ஓட்டியது 120. கேமராவுக்கு முன் பிரேக் போட்டுத் தாண்டியதும் மிதிக்கும் பழக்கம் இங்கே செல்லாது, அந்தத் திடீர் பிரேக்கால் பின்னால் வருபவர் மோதுவதும் இல்லாமல் போகும்.

எந்தக் கருவியானாலும் 2019இல் சட்டத்தில் சேர்த்த 136ஏ பிரிவும், அதன்கீழ் 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதியும் சில நிபந்தனைகள் போடுகின்றன. கருவிக்கு மாநிலத்தின் அதிகாரம் பெற்ற அமைப்பிடமிருந்து ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிப்பு இருக்கிறது என்று முன்கூட்டியே பலகை வைத்து மக்களுக்குச் சொல்ல வேண்டும். ரேடார் வேகமானிகளை எடையளவுத் துறையிடம் சரிபார்த்து முத்திரை பெற வேண்டும் என்ற விதி 2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. கடைக்காரரின் தராசுக்கு முத்திரை கேட்கிறோம். அபராதம் போடும் கருவிக்கும் அதே கேள்வியை இப்போது கேட்கலாம்.

சலான் வந்தால் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

முதலில் அது உண்மையா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் 'உங்கள் சலான்' என்று ஏ.பி.கே. கோப்பு (செல்போனில் ஆப் நிறுவும் கோப்பு) வந்தால் திறக்கவே கூடாது, அது வங்கிக் கணக்கைக் காலி செய்யும் மோசடி. குறுஞ்செய்தியில் வந்த இணைப்பையும் தொடாமல், மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தை நீங்களே தட்டச்சு செய்து திறந்து, வண்டி எண்ணையோ சலான் எண்ணையோ கொடுத்துத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் வந்தது போலி என்றே கொள்ளலாம்.

உண்மையான மின்னணுச் சலானில் இவை இருக்க வேண்டும்: குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், கருவி காட்டிய அளவு, தேதி, நேரம், இடம், மீறிய சட்டப் பிரிவு, மின்னணு ஆவணத்துக்கான சான்று. சான்றைப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி கேட்டது, 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு. 2021 விதி, குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்பச் சொன்னது (பிரிட்டனில் இதே காரியத்துக்கு 14 நாள்). பணம் கட்டவோ மறுக்கவோ உள்ள கெடுவைச் சலானிலேயே பார்த்து, அதற்குள் செயல்படுங்கள்.

பிறகு படத்தைப் பெரிதாக்குங்கள். சட்டகத்துக்குள் எத்தனை வண்டிகள்? நம்பர் உங்களுடையது, ஆனால் வண்டியின் நிறமும் மாடலும் வேறா? அப்படியென்றால் யாரோ உங்கள் எண்ணைப் போலியாக மாட்டிக்கொண்டு திரிகிறார். சலானை மறுப்பதோடு காவல் நிலையத்தில் புகாரும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நாளை விபத்து வழக்கே உங்கள் பெயரில் வரும். அந்த நேரத்தில் வண்டி வேறு ஊரில் இருந்ததற்கு ஃபாஸ்டேக் கணக்கு, சர்வீஸ் சென்டர் ரசீது, வாகனத்தின் ஜி.பி.எஸ். பதிவு ஆகியவை உதவும். எந்த வகை வண்டிக்கான வரம்பைப் பொருத்தியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். காருக்குக் கனரக வண்டியின் 50ஐப் பொருத்தியிருந்தால் 58இல் போனதும் குற்றமாகத் தெரியும். வண்டியை விற்றுவிட்டு ஆர்.சி. மாற்றாமல் விட்டவருக்கும் சலான் வந்துகொண்டே இருக்கும். ஓட்டியது யார் என்று கேட்டால் சொல்ல வேண்டிய கடமை 133ஆம் பிரிவின்படி பதிவில் உள்ள உரிமையாளருக்கு உண்டு.

'என் மீட்டரில் சரியாகத்தான் இருந்தது' என்பது பெரும்பாலும் உதவாது. ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, கூட்டிக் காட்டலாம் என்பது ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன விதி. உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு 4 கிலோமீட்டரும் வரை கூடுதலாகக் காட்ட அனுமதி. உண்மையில் 60 என்றால் முள் 70 வரை நிற்கலாம். ஆக, முள் 60க்குள் இருந்தபோது கருவி 72 காட்டியது என்றால் இரண்டில் ஒன்றில் கோளாறு. அதற்கு முன் உங்கள் டயரைப் பாருங்கள். கம்பெனி கொடுத்ததைவிடப் பெரிய டயர் மாட்டியிருந்தால், சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. சுற்றளவு 5 சதவீதம் கூடினால் வேகமும் 5 சதவீதம் கூடியிருக்கும், முள்ளோ பழைய இடத்திலேயே நிற்கும்.

2019 திருத்தத்துக்குப் பின் 183இன் கீழ் இலகு வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், நடுத்தர, கனரகப் பயணிகள் வாகனத்துக்கும் சரக்கு வாகனத்துக்கும் 2,000 முதல் 4,000 ரூபாய். இரண்டாம் முறை மாட்டினால் லைசென்ஸைப் பறிமுதல் செய்யலாம்.

இதே பிரிவில் பலர் கவனிக்காத நான்காவது உட்பிரிவு ஒன்று உண்டு. வேக வரம்பை மீறாமல் முடிக்க முடியாத நேர அட்டவணையை வெளியிட்டாலோ, இத்தனை நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று உத்தரவிட்டாலோ, அதுவே உத்தரவிட்டவருக்கு எதிரான முதல்நிலைச் சாட்சியம். பேருந்துக்கு நேரம் குறிக்கும் முதலாளிக்கும் டெலிவரிப் பையனுக்குக் கெடு வைக்கும் மேலாளருக்கும் இது பொருந்தும். அந்த உத்தரவு செய்தியாகவோ ஆப் திரையாகவோ இருந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சாலைக்கு எந்த எண்? அளந்து பாருங்கள்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2022இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் 71.2 சதவீதம் 'அதிவேகம்' என்ற தலைப்பில். அந்தத் தலைப்பின்கீழ் வந்த விபத்துகளில் பெரும்பாலானவற்றில் யாரும் வேகத்தை அளந்ததில்லை, வழக்குப் பதிவின்போது எழுதப்படும் காரணம் அது. உயிர்கள் போவது உண்மை. எந்தச் சாலையில், எந்த வேகத்தில் என்ற கணக்குதான் இல்லை. மனுவோடு அளவும் கொண்டுபோனால் அதிகாரி உட்கார்ந்து பேசுவார்.

தேவையானது சாக்குக்கட்டி, 30 மீட்டர் டேப், செல்போன் ஸ்டாப்வாட்ச், நோட்டு, இரண்டு பேர். சாலையில் குறுக்காக இரண்டு கோடுகள் போடுங்கள். வண்டிகள் சராசரியாக 40க்குக் கீழே போகும் சாலை என்றால் கோடுகளுக்கு நடுவே 27 மீட்டர், 40 முதல் 65 என்றால் 54 மீட்டர், அதற்கு மேல் 81 மீட்டர் என்பது போக்குவரத்துப் பொறியியல் பாடம். முன்சக்கரம் முதல் கோட்டைத் தொட்டதும் ஒருவர் கை காட்ட, மற்றவர் கடிகாரத்தைத் தொடங்கி, இரண்டாவது கோட்டில் நிறுத்த வேண்டும். தூரத்தை நொடியால் வகுத்து 3.6ஆல் பெருக்கினால் வேகம். 27 மீட்டரை 2.43 நொடியில் கடந்தால் 40, 54 மீட்டரை 3.24 நொடியில் கடந்தால் 60.

வேகமான சாலையில் தூரத்தைக் கூட்டுவதற்குக் காரணம் கை தாமதம். பொத்தானை அழுத்துவதில் 0.2 நொடி பிசகுவது இயல்பு. 60இல் வரும் வண்டி 27 மீட்டரைக் கடக்க 1.62 நொடிதான் ஆகும், அதில் 0.2 நொடி என்றால் 12 சதவீதப் பிழை. 81 மீட்டர் என்றால் 4.86 நொடி, பிழை 4 சதவீதமாகச் சுருங்கும். இரண்டாவது தவறு பார்வைக் கோணம். கோட்டை ஓரமாகச் சாய்ந்து பார்த்தால் சக்கரம் கோட்டைத் தொடுவதற்கு முன்பே தொட்டதாகத் தெரியும். ஒவ்வொரு கோட்டுக்கும் நேர் எதிரே, கம்பத்தையோ சுவர் முனையையோ அடையாளமாக வைத்து நில்லுங்கள். மூன்றாவது, உங்களைப் பார்த்து வண்டி வேகம் குறைப்பது. மரத்தடியிலோ கடைத் திண்ணையிலோ சாதாரணமாக இருங்கள், நோட்டை உயர்த்திப் பிடிக்காதீர்கள். வரிசையாக வரும் வண்டிகளில் முதல் வண்டியை மட்டும் எடுங்கள், பின்னால் வருபவர் தன் இஷ்டத்துக்கு ஓட்டவில்லை. சந்தை நாள், திருவிழா, மழை நாள் வேண்டாம்.

குறைந்தது 100 வண்டிகள், இருசக்கர வண்டிக்கும் காருக்கும் பேருந்துக்கும் தனித்தனிப் பட்டியல். 100 வேகங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் 85ஆவது இடத்தில் நிற்பது 85ஆம் சதமான வேகம், அதாவது நூற்றில் 85 வண்டிகள் அதைத் தாண்டாமல் போகின்றன. அமெரிக்காவில் நெடுங்காலம் இந்த எண்ணுக்கு அருகில்தான் வரம்பு வைத்தார்கள். ஆட்கள் நடக்காத புறவழிச்சாலைக்கு அது சரியான தொடக்கம். பள்ளி, பஸ் ஸ்டாப், ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும் இடத்துக்கு அதை ஏற்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. காருக்குள் இருப்பவருக்கு எது வசதி என்பதை அந்த எண் சொல்லும், சாலையைக் கடக்கும் பாட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்தின் அபாயம் 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடப்பவரைக் கார் நேராக மோதும் வேகம் 50லிருந்து 65ஆக உயர்ந்தால் இறக்கும் அபாயம் நான்கரை மடங்காகிறது.

நடப்பவர் இருக்கும் இடத்தில் பார்வைத் தூரத்தை வைத்து எண்ணைப் பிடியுங்கள். சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் (ஐ.ஆர்.சி.) கணக்கில் ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க 2.5 நொடி. அதையும் சேர்த்து வண்டி நிற்க 40இல் 45 மீட்டர், 60இல் 80 மீட்டர், 100இல் 180 மீட்டர் வேண்டும். மக்கள் கடக்கும் இடத்தில் நின்று, வண்டி வரும் பக்கம் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று டேப் பிடியுங்கள். வளைவோ, கருவேலம் புதரோ, நிறுத்திய லாரியோ மறைத்து 45 மீட்டர்தான் தெரிகிறது என்றால் அங்கே 40க்கு மேல் இடமில்லை. புதரை வெட்டினால் தூரம் கூடும், அதையும் மனுவில் கேளுங்கள்.

மனு எழுதுவது

யாருடைய சாலை என்பதைக் கிலோமீட்டர் கல் சொல்லும்: மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு மத்திய அரசின் கிராமச் சாலைத் திட்டம். கல் இல்லாத தெரு என்றால் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சி. யாருடையதாக இருந்தாலும் மனுவை மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள், மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் அவர்தான். நகல் காவல் கண்காணிப்பாளர், நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர் மூவருக்கும். திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கொடுத்து மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

'வாகனங்கள் அதிவேகமாகச் செல்வதால் பொதுமக்கள் அவதி' என்று முடியும் மனு பைலில் தூங்கும். இப்படி எழுதுங்கள்: எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை, எத்தனை மீட்டர், அந்த நீளத்தில் பள்ளி வாசல் எங்கே, பஸ் ஸ்டாப் எங்கே, எந்தத் தேதி, எந்த நேரம் எத்தனை வண்டி அளந்தீர்கள், 85ஆம் சதமானம் எவ்வளவு, கடக்கும் இடத்தில் பார்வைத் தூரம் எவ்வளவு, மூன்று ஆண்டு விபத்துகள், எஃப்.ஐ.ஆர். எண் தெரிந்தால் அதோடு. கடைசியில் கோரிக்கை: 112(2)இன் கீழ் இத்தனை கிலோமீட்டர் வரம்பு, 116இன் கீழ் இரு திசையிலும் பலகை. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள் மூன்று ஆண்டில் உயிர்ப்பலியோ கொடுங்காயமோ உள்ள 5 விபத்துகள், அல்லது 10 இறப்புகள் என்றால் அது 'பிளாக் ஸ்பாட்' வரையறைக்குள் வரும். அந்தச் சொல்லை மனுவின் முதல் வரியிலேயே போடுங்கள். பதில் வரவில்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு: அந்தச் சாலைக்கு வேக வரம்பு அறிவிக்கை உண்டா, எண் என்ன, பலகை எங்கெங்கே நட்டார்கள் என்ற மூன்று கேள்வி போதும். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கேட்கும்போது நீளத்தைக் கட்டுப்படுத்துங்கள். 200 மீட்டர் பள்ளிப் பகுதிக்காக 3 கிலோமீட்டர் முழுக்க 30 கேட்டால், வெறும் வயல் நடுவிலும் 30 பலகை நிற்கும். ஓட்டுநர் அங்கே அதை மீறிப் பழகி, பள்ளி வாசலிலும் மீறுவார். 70லிருந்து நேரடியாக 30க்கு இறக்காமல் நடுவே 50 பலகை ஒன்று வேண்டும். வரம்பு முடியும் இடத்திலும் பலகை கேளுங்கள். பலகையின் முன் ஃப்ளெக்ஸ் பேனரும் மரக்கிளையும் வராமல் பார்ப்பது ஊர்க்காரர் வேலையும்கூட.

பலகை மட்டும் போதாத இடத்தில் வேகத்தடை. தேசிய, மாநில நெடுஞ்சாலையில் பொதுவாக அதற்கு இடமில்லை, கிளைச் சாலை சேரும் வாயிலும் குடியிருப்புத் தெருவும்தான் அதன் இடம். பேராயம் சொல்லும் அளவு: வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், வளைவின் ஆரம் 17 மீட்டர். இதன்மேல் 25இல் போனால் தூக்கிப் போடாது. போட்டு முடித்ததும் இரு ஓரத்துக்கும் 10 சென்டிமீட்டர் கட்டை வைத்து நூலை இழுத்துப் பாருங்கள், உச்சி நூலைத் தொட்டு நிற்க வேண்டும். நூலைத் தூக்கிவிட்டால் உயரம் அதிகம், அன்றைக்கே சீவச் சொல்லுங்கள். ஒரு முழ அகலத்தில் கான்கிரீட் கட்டியாக இரவோடு இரவாகப் போடுவது கர்ப்பிணிக்கும் ஆம்புலன்ஸில் படுத்திருப்பவருக்கும் தண்டனை, இருட்டில் வரும் இருசக்கர வண்டிக்கு எமன். 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகையும் மேலே வெள்ளைப் பட்டையும் இல்லாமல் வேகத்தடையை ஏற்காதீர்கள்.

பலகை வந்த வாரத்தில் எல்லாரும் மெதுவாகத்தான் போவார்கள், அந்த அளவை நம்ப வேண்டாம். இரண்டு மூன்று மாதம் கழித்து, அதே கோடு, அதே கிழமை, அதே நேரம், மறுபடி 100 வண்டி அளந்து பழைய பட்டியலோடு ஒப்பிடுங்கள். 85ஆம் சதமானம் புதிய வரம்பைவிட 10 கிலோமீட்டருக்கு மேல் தாண்டியே நின்றால், எந்த மணி நேரத்தில் மீறல் அதிகம் என்று பட்டியலிலிருந்து பிரித்து, அந்த நேரத்துக்கு இன்டர்செப்டர் வண்டி (வேகம் அளக்கும் கருவியோடு வரும் போலீஸ் வண்டி) கேட்டு எஸ்.பி. அலுவலகத்துக்கு எழுதுங்கள். பழைய மனு எண்ணையும் இரண்டு அளவுகளையும் அதோடு இணையுங்கள்.